இது பேப்பருக்கு வருமா என்று கேட்பவர்களுக்கு



நீளமான பதிவு. பாடசாலைக்குப் பிள்ளை அனுப்பும் எல்லோரும் பொறுமையாகக் கடைசி வரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

போன கிழமை எமது கிண்ணியாப் பக்கத்துப் பெற்றோர் வட்ஸ்அப் குழுவொன்றில் ஒரு குரல் பதிவு சுற்றியது. தரம் 8 கணித பாடத்தில் இரண்டு பாடவேளை முழுக்க நரி, ஆடு, புல்லுக்கட்டு என்று கதை நடந்ததாம். தவணைப் பரீட்சைக்கு ஐந்து கிழமைதான் இருக்கிறதாம். "இதெல்லாம் பேப்பருக்கு வருமா?" என்ற கேள்வியோடு பதிவு முடிகிறது. கீழே வரிசையாக லைக். பேசியது யார், எந்தப் பாடசாலை என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. கணிதம் படிப்பிக்கும் நாம் சிலர் சேர்ந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம். ஏனென்றால் அது ஒரு தாயின் அல்லது தகப்பனின் கேள்வி மட்டும் அல்ல. ஊரே கேட்கும் கேள்வி.

முதலில் அந்தக் கணக்கு என்ன என்று சொல்லிவிடுகிறோம். ஒருவரிடம் ஒரு நரி, ஓர் ஆடு, ஒரு புல்லுக்கட்டு. ஆற்றைக் கடக்க வேண்டும். தோணியில் அவரும் இன்னும் ஒன்றும்தான் போகலாம். அவர் இல்லாத கரையில் நரியும் ஆடும் தனித்திருந்தால் ஆடு போய்விடும். ஆடும் புல்லும் தனித்திருந்தால் புல் போய்விடும். எல்லாவற்றையும் பத்திரமாக அக்கரை சேர்ப்பது எப்படி?

சின்ன வயதில் உங்கள் வாப்பாவோ பெரியம்மாவோ இதைக் கேட்டிருப்பார்கள். சில வீடுகளில் நரிக்குப் பதில் புலி வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் வந்த முதற் கேள்வி என்ன தெரியுமா? "சேர், இது கூட்டுற கணக்கா, பெருக்குற கணக்கா?" இரண்டாவது கேள்வி, "எந்தப் பாடத்துல வாற கணக்கு?" எட்டு வருடம் படித்த பிள்ளைகள். கணக்கை வாசிப்பதற்கு முன்னால் எந்தச் சூத்திரம் போடுவது என்று தேடுகிறார்கள். சூத்திரம் இல்லை என்று சொன்னால் பேனையை மூடி வைத்துவிட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறார்கள். விடை அங்கிருந்துதான் வரும் என்று அவர்களுக்குப் பழக்கம்.

நாம் விடையைச் சொல்லவில்லை. கொம்பாஸ் பெட்டியைத் தோணியாக்கினார்கள். அழிறப்பர் ஆடு, பேனை மூடி நரி, கிழித்த கடதாசி புல்லுக்கட்டு. பத்து நிமிடத்தில் வகுப்பு சந்தை மாதிரி ஆகிவிட்டது. "ஆட்டக் கட்டிப் போட்டா என்ன சேர்?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. கயிறு இருப்பதாகக் கணக்கில் சொல்லியிருக்கிறதா என்று திருப்பிக் கேட்டோம். சொல்லப்படவில்லை. தந்தது எது, நாமாக நினைத்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் கணிதத்தின் முதற்படி. அந்தப் படியை அன்றைக்கு அந்தப் பிள்ளை தானாகவே ஏறினான்.

முதலில் ஆட்டைக் கொண்டுபோக வேண்டும் என்பதை எல்லோரும் கண்டுபிடித்தார்கள். வேறு எதைக் கொண்டுபோனாலும் முதற் பயணத்திலேயே இழப்பு. அடுத்து நரி, அல்லது புல். கொண்டுபோய் இறக்கினால் அங்கே ஆடு நிற்கிறது. வகுப்பு முழுக்க இந்த இடத்தில்தான் நின்றது. தவணைப் பரீட்சையில் தொண்ணூறுக்கு மேல் எடுக்கும் பிள்ளைகளும் நின்றார்கள். "இதுக்கு விடை இல்ல சேர்" என்று எழுதிக் கோடு போட்டு முடித்தார்கள் சிலர்.

கொண்டுபோன ஆட்டைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அதுதான் விடையின் முடிச்சு. பெரிய யுக்தி ஒன்றும் அல்ல. ஆனால் பிள்ளைகளின் மனது அதற்கு இடம் கொடுக்கவில்லை. திரும்பி வருவது பிழை என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள். அழித்தால் புள்ளி குறையும், வெட்டினால் கொப்பி அசிங்கம், ஒரு முறை எழுதியதை மாற்றினால் "ஒழுங்காப் படிக்கல்ல" என்ற பேச்சு. செய்ததைச் சரிபார்த்து, தேவையென்றால் ஓர் அடி பின்வைத்து, பிறகு முன்னே போவது என்ற ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதை யார் பழக்கினார்கள்? நரியும் ஆடும் பழக்கவில்லை. "பேப்பருக்கு வருமா" என்ற கேள்விதான் பழக்கியது.

"சரி, கதை நல்லாத்தான் இருக்கு. இதில் கணிதம் எங்கே?" என்று கேட்பவர்களுக்கு, இரண்டாவது பாடவேளையில் நடந்ததைச் சொல்கிறோம்.

தோணிக்காரர், நரி, ஆடு, புல் ஆகிய நான்கும் ஒவ்வொன்றாக இக்கரையில் இருக்கலாம் அல்லது அக்கரையில் இருக்கலாம். இரண்டை நான்கு தடவை பெருக்கினால் 16 நிலைகள். பிள்ளைகள் பதினாறையும் அட்டவணையாக எழுதினார்கள். அதில் ஆட்டையோ புல்லையோ இழக்கும் நிலைகள் ஆறு. அவற்றை வெட்டினால் மிச்சம் பத்து. ஒரே பயணத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகக்கூடிய நிலைகளைக் கோட்டால் இணைத்தார்கள். கரும்பலகையில் ஒரு படம் வந்தது. தொடக்கத்தில் ஒரே வழி, நடுவில் இரண்டாகப் பிரிகிறது, பிறகு மீண்டும் ஒன்றாகிறது. ஏழு பயணம். அதற்குக் குறைவாக முடியாது என்பது அந்தப் படத்திலேயே தெரிகிறது, யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நடுவில் பிரியும் இரண்டு வழிகளும் ஒன்றின் கண்ணாடி விம்பம் மற்றது. நரியையும் புல்லையும் இடம் மாற்றிப் போட்டால் கணக்கு மாறாது, ஏனென்றால் இரண்டுக்கும் ஆட்டோடுதான் பிரச்சினை. இதையும் பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

எல்லா நிலைகளையும் எழுது, ஆகாததை நீக்கு, மிச்சத்தை இணை, குறுகிய வழியைத் தேடு. கணினி விஞ்ஞானம் படிக்கப் போகிற பிள்ளை பல்கலைக்கழகத்தில் இதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்யும். தரம் 8 பிள்ளைகள் அழிறப்பரை வைத்து அதைச் செய்தார்கள்.

எமது நாட்டுக் கணிதப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். கணிதம் கற்பிப்பதன் நோக்கங்கள் ஐந்து: அறிவும் திறனும், தொடர்பாடல், தொடர்புகளைக் காணல், நியாயித்தல், பிரசினம் தீர்த்தல். ஐந்தில் முதலாவதின் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு நாம் பிள்ளைகளை வருடம் முழுக்க ஓட்டுகிறோம். மிச்ச நான்கரையையும் இரண்டு பாடவேளையில் தொட்டதற்கு முறைப்பாடு.

இந்தக் கணக்கு நேற்று யூடியூப்பில் வந்தது அல்ல. சார்லமேன் மன்னரின் அவையில் இருந்த அல்குயின் என்ற அறிஞருடையதாகச் சொல்லப்படும் லத்தீன் தொகுப்பொன்றில் இது இருக்கிறது. 1200 வருடப் பழைமை. அங்கே ஓநாய், ஆடு, கோவா. அந்தத் தொகுப்பின் தலைப்பின் கருத்தே இளையோரின் அறிவைக் கூர்மையாக்கும் கணக்குகள் என்பதுதான். பரீட்சையில் சித்தியடையச் செய்யும் கணக்குகள் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் பக்தாதில் அல்குவாரிஸ்மி இருந்தார். அட்சரகணிதத்தின் ஆங்கிலப் பெயர் அவருடைய நூலின் பெயரிலிருந்து வந்தது. கணினிக்காரர்கள் சொல்லும் அல்கோரிதம் அவருடைய பெயரிலிருந்து வந்தது. எமது ஊர் மேடைகளில் பரிசளிப்பு விழா என்றாலே இதைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. "உலகத்துக்குக் கணிதம் கொடுத்த சமூகம் நாங்கள்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தின் பிள்ளை ஒரு பாடவேளை உட்கார்ந்து யோசித்தால் மாலையில் குரல் பதிவு வருகிறது. அல்குவாரிஸ்மி இன்று எமது ஊரில் ஆசிரியராக இருந்தால் அவருடைய இடமாற்றத்துக்குக் கையெழுத்து வேட்டை நடந்திருக்கும். மேடையில் பெருமை, வகுப்பில் முறைப்பாடு. இரண்டையும் ஒரே வாயால் பேசக் கூடாது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. குரல் பதிவு சுற்றிய மூன்றாம் நாள், ஒரு தனியார் வகுப்பில் போட்டோகொப்பி டியூட் ஒன்று கொடுக்கப்பட்டது. தலைப்பு, "தோணிக் கணக்கு – விடையுடன்". ஏழு படிகள், ஒன்று முதல் ஏழு வரை இலக்கமிட்டு, அடிக்கோடிட்டு. பிள்ளைகள் பாடமாக்கிக்கொண்டு வந்தார்கள். தட்டி எழுப்பினால் சொல்வார்கள்: ஆடு போகும், ஆள் வரும், நரி போகும், ஆடு வரும்.

நாம் கணக்கை மாற்றினோம். நான்கு பேர் இரவில் ஒரு பழைய பாலத்தைக் கடக்க வேண்டும். ஒரே ஒரு டோர்ச். ஒரு தடவையில் இரண்டு பேர்தான் போகலாம், டோர்ச் இல்லாமல் யாரும் போகவோ வரவோ முடியாது. கடக்க ஒருவருக்கு 1 நிமிடம், மற்றவர்களுக்கு 2, 5, 10 நிமிடங்கள். சேர்ந்து போனால் மெதுவானவரின் வேகம்தான். ஆகக் குறைந்த நேரம் எவ்வளவு? டியூட் பாடமாக்கிய சில பிள்ளைகள் இதற்கும் ஏழு படி எழுதினார்கள். ஒரு கொப்பியில் ஆடுகூட வந்தது.

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வேகமானவர் ஒவ்வொருவராகக் கூட்டிப்போனால் 19 நிமிடம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். மெதுவான இருவரையும் ஒன்றாக அனுப்பினால் 17 நிமிடத்தில் முடிகிறது: 1, 2 போக இரண்டு நிமிடம், 1 திரும்ப ஒன்று, 5, 10 போகப் பத்து, 2 திரும்ப இரண்டு, 1, 2 போக இரண்டு. முதலில் தோன்றுவது எப்போதும் சரியானது அல்ல என்று பிள்ளைக்கு நூறு தடவை புத்தி சொல்லலாம். இந்த இரண்டு நிமிட வித்தியாசத்தைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அந்தப் புத்தி தேவைப்படாது. விடையை அச்சடித்துக் கொடுப்பவர் அதைத்தான் பிள்ளையிடமிருந்து பறிக்கிறார், அதற்குக் காசும் வாங்குகிறார்.

இனி, எதிர்த்தரப்பின் நியாயத்துக்கு வருகிறோம். நியாயம் இருக்கிறது.

கடலுக்குப் போகும் தகப்பனுக்கும், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் தாய்க்கும் பரீட்சை என்பது விளையாட்டு அல்ல. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லாவிட்டால் பிள்ளையின் முன்னால் எத்தனை கதவுகள் மூடும் என்பது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். வசதியுள்ளவன் பிள்ளைக்கு வேறு வழி பார்ப்பான், இல்லாதவனுக்குப் பரீட்சை ஒன்றுதான் தோணி. அவர்கள் "பேப்பருக்கு வருமா" என்று கேட்பது பேராசையால் அல்ல, பயத்தால். அந்தப் பயத்தை நாம் மதிக்கிறோம்.

மதிப்பதால்தான் சொல்கிறோம். தவணைப் பரீட்சைத் தாள் திருத்தும்போது நாம் காண்பது என்ன? சமன்பாட்டைத் தந்து தீர்க்கச் சொன்னால் பிள்ளை தீர்க்கிறது. அதே சமன்பாட்டை நான்கு வரிக் கதையாகத் தந்தால் இடம் வெறுமையாக இருக்கிறது. பிழையாகச் செய்திருந்தாலும் பரவாயில்லை, ஒன்றுமே எழுதப்படவில்லை. பேனையை வைக்கத் துணிவில்லை. எந்தச் சூத்திரம் என்று வினா சொல்லவில்லை, அதனால் பிள்ளை அந்தப் பக்கமே போகவில்லை. கடந்தகால வினாத்தாள் பத்துக்குப் பதில் இருபது செய்வித்தாலும் இந்த வெறுமை நிரம்பாது. பழகிய வினா வந்தால் சித்தி, கொஞ்சம் உருமாறி வந்தால் கைவிரிப்பு. இது சித்திக்கு உத்தரவாதம் அல்ல, சூதாட்டம்.

தரம் 5 புலமைப்பரிசிலைப் பாருங்கள். கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்துச் சிந்தனை அது. கிராமத்து ஏழைப் பிள்ளையின் இயல்பான விவேகத்தை இனங்கண்டு நல்ல பாடசாலைக்கு அனுப்புவது நோக்கம். அதனால்தான் அதில் நுண்ணறிவு வினாக்களுக்கென்றே ஒரு வினாத்தாள் இருக்கிறது. நாம் என்ன செய்தோம்? நுண்ணறிவையும் டியூட் ஆக்கினோம். பத்து வயதுப் பிள்ளை இரவு ஒன்பது மணி வரை நுண்ணறிவைப் பாடமாக்குகிறது. யோசிப்பதைப் பாடமாக்க முடியும் என்று நம்பும் ஊர் எமது ஊர்.

ஒரு விடயத்தைச் சொன்னால் இந்த வாதத்தை இந்த இடத்திலேயே வென்றுவிடலாம். அல்குயினின் தொகுப்பிலேயே இன்னொரு தோணிக் கணக்கு இருக்கிறது. தோணியில் ஒரு பெரியவர், அல்லது இரண்டு சிறுவர்தான் போகலாம். இரண்டு சிறுவர் இருக்கிறார்கள். ஒரு பெரியவரைக் கடத்தி எல்லோரும் அக்கரை சேர 5 பயணம். இரண்டு பெரியவர் என்றால் 9. மூன்று என்றால் 13. பிள்ளைகளே அட்டவணை போட்டு, பெரியவர் தொகையை நான்கால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் விடை என்று எழுதினார்கள். எண் கோலங்களும் பொது உறுப்பும். பாடத்திட்டத்தில் உள்ள பாடம், பேப்பருக்கும் வரும். ஆகவே தோணிக் கணக்கு பேப்பருக்கு வருகிறது என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் அப்படி வெல்ல நாம் விரும்பவில்லை. அப்படி வென்றால் பேப்பருக்கு வராத எதுவும் வகுப்புக்கு வரக் கூடாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதை ஒப்புக்கொள்ள மாட்டோம்.

பேப்பருக்கு வராத ஒன்றைச் சொல்கிறோம். பரீட்சையில் எல்லா வினாவுக்கும் விடை உண்டு என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். தோணிக் கணக்கில் சிலதுக்கு விடையே இல்லை. மூன்று சோடிகளை இருவர் போகும் தோணியில் நிபந்தனை மீறாமல் கடத்தலாம், நான்கு சோடிகளைக் கடத்த முடியாது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பெரிய கணித அறிஞர் தர்தாலியா முடியும் என்று ஒரு வழி சொன்னார். பின்னர் பிரான்சின் பாஷே அதிலுள்ள பிழையைக் காட்டினார். சாம்பியாவின் இலா மக்களிடம் உள்ள கதையில் சிறுத்தை, ஆடு, எலி, சோளக்கூடை என்று நான்கு. அதைத் தோணி விதிப்படி கடத்த வழியே கிடையாது. கதையில் வரும் மனிதர் எதையும் விட்டுச்செல்ல மனமில்லாமல் இக்கரையிலேயே தங்கிவிடுகிறார். முடியாது என்று சும்மா கைவிரிப்பது வேறு. எல்லா வழியையும் பார்த்து, ஏன் முடியாது என்று காரணத்தோடு சொல்வது வேறு. முன்னதைச் செய்யும் பிள்ளைக்கும் பின்னதைச் செய்யும் பிள்ளைக்கும் உள்ள தூரம்தான் கல்வி.

"இது வெறும் கதை" என்று சொன்னவர்களுக்கு இன்னொன்று. மற்ற ஊர்க்காரர் சொல்லலாம், கிண்ணியாக்காரர் சொல்லலாமா? தோணியும் பாதையும் எமக்குக் கதை அல்ல. 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளையும் பறிகொடுத்தோம். பாலம் இல்லாத குறைக்குக் கணித வகுப்பு மருந்து அல்ல, அப்படிச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் எந்தத் தோணிக் கணக்கை எடுத்தாலும் அதன் முதல் வசனம், இதில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்பது. எவ்வளவு அவசரம் என்றாலும், அக்கரையில் யார் காத்திருந்தாலும் அந்த வசனம் மாறாது. விதியை முதலில் வாசி, விதிக்குள் வழி தேடு, வழி இல்லாவிட்டால் ஏறாதே. இந்தப் பழக்கத்தோடு ஒரு தலைமுறை வளர்வது எமது ஊருக்கு வீண் செலவா?

சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பாடத்திட்டம் முடிக்கும் நெருக்கடி எமக்கும் தெரியும். மேற்பார்வைக்கு வருபவர் எத்தனை அலகு முடிந்தது என்றுதான் கேட்பார், எத்தனை பிள்ளை யோசித்தது என்று கேட்க மாட்டார். ஆனாலும் இந்தக் கணக்கை எடுத்தால் விடையைச் சொல்லாதீர்கள். பாடவேளை முடிந்து மணி அடித்தாலும் சொல்லாதீர்கள். விடையைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தெழுத விடுவதாக இருந்தால் எடுக்காமல் விடுவதே மேல். கலாசாலையில் எமக்குச் சொல்லித் தந்ததும் அதுதான்: பிள்ளை கேட்பதற்கு முன்னால் விடை கொடுக்காதே. சான்றிதழை வாங்கிக்கொண்டு அந்தப் பாடத்தைக் கலாசாலையிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் எம்மில் அதிகம்.

பெற்றோரிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு கிழமைக்கு ஒரு பாடவேளை. அவ்வளவுதான். கணிதத்துக்குள்ள மற்றப் பாடவேளைகள் எல்லாம் உங்கள் பேப்பருக்கே. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "இண்டைக்கு எத்தன புள்ளி?" என்று கேட்கும் வாயால் ஒரு நாளைக்கு "இண்டைக்கு எத்தன வழி பாத்த?" என்று கேட்டுப் பாருங்கள். விடை பிழைத்துப் போன கொப்பியைக் காட்டினால் திட்டாமல் எங்கே பிழைத்தது என்று பிள்ளையையே தேட விடுங்கள். நீங்கள் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. பக்கத்தில் இருந்தால் போதும்.

இந்த வெள்ளிக்கிழமைக்கு உங்களுக்கும் ஒரு கணக்கு. மூன்று உம்மாமார், ஆளுக்கு ஒரு பிள்ளை, மொத்தம் ஆறு பேர். தோணியில் இருவர்தான் போகலாம். எல்லோருக்கும் துடுப்புப் போடத் தெரியும். தன் உம்மா பக்கத்தில் இல்லாமல் எந்தப் பிள்ளையும் வேறொரு உம்மாவோடு நிற்க மாட்டாது, கரையிலும் சரி, தோணியிலும் சரி. 11 பயணத்தில் எல்லோரும் அக்கரை சேரலாம்.

கொமெண்டில் விடை போட வேண்டாம், போட்டால் அழித்துவிடுவோம். கூகுளிலும் தேட வேண்டாம். மேசையில் ஆறு புளியங்கொட்டையை வைத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். நடுவில் ஓரிடத்தில், கஷ்டப்பட்டு அக்கரை சேர்த்தவர்களைத் திருப்பி அழைத்துவர வேண்டி வரும். அந்த இடத்தில் எழும்பிப் போய்விடாதீர்கள்.